முப்பது மீட்டர் சேறு

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு இஞ்ஞாசி சைட்டுக்குள் நுழைந்தபோது, அவன் அடித்து நட்டிருந்த எல்லைக் கம்புகள் இடம் மாறி நின்றன.

சனிக்கிழமை மத்தியானம் அவன் வேலை முடித்துப் போகிறவரை அவை ஆற்றிலிருந்து முப்பது மீட்டர் தள்ளி வரிசை பிடித்து நின்றன. உச்சியில் சிவப்புச் சாயம் பூசிய நாற்பத்தொரு கம்புகள். அவற்றுக்கு இந்தப் பக்கம் வீடு வரப்போகும் நிலம், அந்தப் பக்கம் பாக்காவ் என்கிற அலையாத்தி மரங்கள் அடர்ந்த சதுப்பு. இப்போதும் நாற்பத்தொன்றுதான், அதே சிவப்புதான். ஆனால் வரிசை மொத்தமும் ஆற்றைப் பார்த்துப் பன்னிரண்டு மீட்டர் நகர்ந்திருந்தது. நடுவில் இருந்த மரங்களை ரம்பம் வைத்து அறுத்து லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். சேற்றில் வெறும் அடிக்கட்டைகள். ஞாயிற்றுக்கிழமை அவன் கோயிலில் முழந்தாள் போட்டிருந்த நேரத்தில் வேலை நடந்திருக்கிறது.

கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினான். முதல் கம்பை ஒரு விரலால் தள்ளினான். ஆடியது. ரெண்டடிகூட இறக்கவில்லை. அவன் அடித்தால் ஆறடிக் கம்பில் நாலரை அடி மண்ணுக்குள் போகும். எருமையைக் கட்டினாலும் அசையாது.

இஞ்ஞாசிக்கு நாற்பத்தாறு வயது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் பதினைந்து வருஷம், படகுத்துறைக்கு மரத்தூண் இறக்குகிற கூட்டத்தில் வேலை பார்த்தவன். எழுபத்தொன்றில் வெள்ளைக்காரன் தளத்தைக் காலி செய்தபோது இஞ்ஞாசியையும் சேர்த்துக் காலி செய்தான். அதிலிருந்து பத்து வருஷமாகச் செயின்மேன் வேலை. சங்கிலி இழுப்பது, அளவுகோல் பிடிப்பது, கம்பு அடிப்பது. சர்வேயர் குடை நிழலில் நின்று கருவியில் கண்ணை வைத்துக் கையைக் காட்டுவார். செயின்மேன் வெயிலிலும் சேற்றிலும் நடந்துபோய் அந்தக் கை காட்டிய இடத்தில் நிற்பான்.

சைட் ஆபீஸ் வாசலில் அப்துல் கையூம் நின்றபடி கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். சைட்டுக்கு அவர்தான் சூப்பர்வைசர். கடையநல்லூர்க்காரர். யாரையும் அடித்துப் பேசமாட்டார், மேலே இருப்பவர் சொன்னதைத் தட்டவும் மாட்டார்.

“பாய், என் கம்புக்கெல்லாம் என்ன வந்துச்சு?”

“எந்தக் கம்பு?”

“நாலு நாள் தொடை வரைக்கும் சேத்துல நின்னு அடிச்சேனே, அந்தக் கம்பு.”

“அங்கதானே நிக்குது. கண்ணு தெரியலையா?”

“நல்லாத் தெரியுது. ஆத்துல குளிக்கக் கிளம்பின மாதிரி தெரியுது.”

கையூம் கோப்பிக் குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றும் பார்த்தார். “காலங்காத்தால கத்தாதலா. மொதலாளி, தவுக்கேதான் சொன்னாரு, செஞ்சோம். புதன்கிழமை வடிகால் இலாகாவுலேருந்து ஆபீசர் வர்றாங்க. லைனைப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுருவாங்க. வியாழக்கிழமை டிப்பர் லாரி வரும். செம்மண்ணைக் கொட்டி மேடாக்கிட்டா, சதுப்பு எது வரைக்கும் இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்.”

“ஒன்னை யாரு கேக்கப் போறா?”

“பிளான்ல முப்பது மீட்டர்னு போட்டிருக்கு பாய். முப்பது மீட்டர் சதுப்பை விட்டுட்டுத்தான் வீடு கட்டணும்னு சொல்லித்தான் பெர்மிட்டே குடுத்தான்.”

“பதினாறு வீடு கூட வருதுப்பா,” என்றார் கையூம், கெஞ்சுவது மாதிரி. “ஒட்டி ஒட்டி வரிசையா பதினாறு டெரஸ் வீடு. அதைப் போய் சேத்துக்கு விட்டுக் குடுக்கச் சொல்றியா?”

அந்தச் சேறுதான் இஞ்ஞாசியின் வீட்டைக் காத்துக்கொண்டிருந்தது. கட்டப்போகும் இடத்துக்கு லகூன் கார்டன் என்று கம்பெனி பேர் வைத்திருந்தது. அதற்குக் கீழே, ஆறு வளைகிற இடத்தில், கடற்படைத் தளத்தின் பழைய டாக்யார்டுக்காரர்கள் குடியிருக்கும் கம்பம் என்கிற சிற்றூர். இருபத்தெட்டு வீடுகள், பலகைச் சுவர், தகரக் கூரை. மேட்டில் பெய்கிற மழை எல்லாம் இறங்கிச் சதுப்புக்குள் போகும். பாக்காவ் வேர்கள் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, கடல் வற்றும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றுக்கு விடும். எழுபத்தெட்டு டிசம்பரில் ஊரே மூழ்கியது. நகரத்துக்குள்ளேயே சனங்கள் வீட்டுக்கூரையில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். இந்தக் கம்பத்தில் மட்டும் தண்ணீர் வாசல்படிக்கு வந்து நின்று, மறுநாள் திரும்பிப் போனது. சதுப்பில் பாதியை மண் போட்டு மூடினால், வருகிற டிசம்பரில் அது வாசல்படியில் நிற்காது. இதை அவனுக்கு யாரும் படிப்பித்துத் தரவில்லை. தூண் இறக்கியவனுக்குத் தண்ணீர் எங்கே போகும் என்று தெரியும்.

சாயங்காலம் சர்வேயர் சேதுபதி அவனைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு சிராங்கூன் ரோட்டுக்குப் போனான். மறுநாள் தீபாவளி. தேக்கா கடைத்தெருவில் ஆள் நடக்க இடமில்லை. பூக்கடைக்கும் ஜவுளிக்கடைக்கும் நடுவில் இடித்துப் புகுந்து ஒரு முர்தபா ரொட்டிக் கடையில் உட்கார்ந்தார்கள். சேதுபதிக்கு முப்பது வயதுகூட இல்லை. புது லைசென்ஸ், புதுக் கார், கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

“அண்ணே, ரெண்டு முர்தபா சொல்லவா?”

“கோப்பி போதும் சார்.”

“புதன்கிழமை நீங்க ஒண்ணும் பேச வேணாம். கோலைப் பிடிச்சுக்கிட்டுப் புதுக் கம்புகிட்ட நில்லுங்க. நான் நம்பரைச் சொல்லுவேன், ஆபீசர் எழுதிக்குவாங்க. முடிஞ்சுச்சு. காட்டுக்குள்ள நாடாவைப் பிடிச்சுக்கிட்டு ஆத்து வரைக்கும் யாரும் நடக்கப் போறதில்ல. நீங்க வாயையே திறக்க வேணாம்.”

“அந்த இடத்துல நின்னாலே பேசின மாதிரிதான் சார்.”

சேதுபதி நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். “ரெண்டு மூணு வருஷத்துல உங்க கம்பத்தையே எடுக்கப் போறாங்கண்ணே. எல்லாருக்கும் ஈசூன்ல கவர்மெண்ட் பிளாட் கிடைக்கும். அப்புறம் யார் வீட்டுக்குள்ள தண்ணி வரப்போவுது?”

“மூணு வருஷத்துல மூணு மழைக்காலம் இருக்கு சார். அது வரைக்கும் நாங்க என்ன, நீந்திக்கிட்டிருக்கணுமா?”

பக்கத்து மேசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். சேதுபதி குரலைத் தாழ்த்தினான். “தவுக்கே உங்களுக்குன்னு ஒண்ணு சொல்லச் சொன்னாரு. ஹவுசிங் எஸ்டேட் கட்டி முடிஞ்சதும் கேட் பக்கத்துல வாட்ச்மேன் வீடு வருது. மேட்டு மேல. செங்கல் வீடு. அது உங்களுக்கு. நிரந்தர வேலை. இந்த மழைக்காலத்துக்கே அங்க டெம்பரரியா ஒரு ரூம் போட்டுத் தர்றாராம்.”

செங்கல் வீடு என்றதும் இஞ்ஞாசியின் கை தானாகக் கோப்பிக் குவளையை இறுக்கிப் பிடித்தது. அவன் பிறந்ததிலிருந்து செங்கல் சுவருக்குள் படுத்ததில்லை, ஆஸ்பத்திரியில் படுத்த பதினோரு நாளைத் தவிர.

“பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குறேன்,” என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தான்.

மறுநாள் தீபாவளி லீவு. கிறிஸ்துவ வீட்டில் எண்ணெய்க் குளியலும் கிடையாது, பலகாரமும் கிடையாது. உட்கார்ந்து பேச நேரம் இருந்தது. அவன் மனைவி அல்போன்சம்மாள் வாசலில் குந்தி நண்டு கழுவிக்கொண்டிருந்தாள். சதுப்பில் அவளே கம்பி விட்டுப் பிடித்த நண்டு.

“செங்கல் வீடா?” என்றாள்.

“ஆமா.”

“மேட்டு மேலயா?”

“ஆமா.”

“கரண்டு உண்டா?”

“உண்டுன்னுதான் சொன்னாரு.”

“அப்பப் போயிருங்க.”

இஞ்ஞாசி நிமிர்ந்து பார்த்தான். அவள் நண்டின் காலை மளுக்கென்று ஒடித்தாள்.

“நான் வரல. நீங்க மட்டும் போங்க. மழை அடிச்சுப் பேயுறப்ப மேலே நின்னு பாருங்க, நாங்க இருபத்தெட்டு வீட்டுக்காரங்களும் எப்படி மெதக்குறோம்னு. டார்ச் லைட் அடிச்சுப் பாருங்க. அதானே வாட்ச்மேன் வேலை?”

பக்கத்து வீட்டில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த உம்மு சல்மா அதை நிறுத்தாமலே கேட்டாள்: “அல்போன்சக்கா, அண்ணனுக்கு விசில் குடுப்பாங்களா?”

“குடுப்பாங்க சல்மா. நீ முங்குறப்ப ஊதுவாரு.”

“நான் போறேன்னு எப்பச் சொன்னேன்?” இஞ்ஞாசி எரிந்து விழுந்தான்.

“போகலேன்னு எப்பச் சொன்னீங்க?”

இஞ்ஞாசி எழுந்து ஆற்றங்கரைக்குப் போனான். அமாவாசைத் தண்ணீர். கடல் ஏறிச் சதுப்புக்குள் வந்திருந்தது. கரையில் நின்றவன், ஞாயிற்றுக்கிழமை அறுத்த அடிக்கட்டைகள் ஒவ்வொன்றாக முங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். உப்புத் தண்ணீர் இந்த மேடு வரைக்கும் ஏறுவது மாதத்தில் நாலைந்து நாள்தான். நாளைக்கும் ஏறும், இதைவிட அரை அடி கூடவே ஏறும். பன்னிரண்டரை மணி வாக்கில்.

புதன்கிழமை ஒன்பதரைக்கு ஆபீசர் வந்தாள். சின்னக் கார், தானே ஓட்டிக்கொண்டு வந்தாள். சீனப் பெண், முப்பது வயதிருக்கும், முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ். தவுக்கே முன்னாலேயே வந்து காத்திருந்தார். ஒல்லியான மனிதர், ஒரு காலத்தில் அவரும் கூடையில் மண் சுமந்தவர். தான் சுமந்து மேலே வந்தோம் என்பதாலேயே சுமக்கிற யார்மேலும் அவருக்கு இரக்கம் கிடையாது. வேலையாட்கள் இருபது பேர் வேலை செய்வதுபோல் பாவனை பண்ணிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

சேதுபதி மேட்டில் கருவியை நிறுத்தினான். கையைக் காட்டினான். இஞ்ஞாசி அளவுகோலைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தான். புதுக் கம்பு வரிசைக்குப் பன்னிரண்டு மீட்டர் முன்னாலேயே, அறுத்த கட்டைகளின் நடுவில், நின்றான். கோலைச் சேற்றில் ஊன்றி நேராகப் பிடித்தான்.

சேதுபதி இன்னும் போ என்று கையை ஆட்டினான். இஞ்ஞாசி நகரவில்லை. மறுபடி ஆட்டினான். அப்புறம் இரண்டு கையையும் ஆட்டினான்.

“கீழே போடா!” தவுக்கே மலாயில் கத்தினார். “கம்பு அங்கே இருக்கு!”

“இடம் இங்கே இருக்கு,” இஞ்ஞாசியும் மலாயில் கத்தினான்.

ஆபீசர் தவுக்கேயைப் பார்த்தாள். தவுக்கே சிரிக்க முயன்றார். “நேத்து அவனுங்க தீபாவளி. இன்னும் தெளியல.”

“நான் கிறிஸ்துவன் தவுக்கே. எனக்குப் போதை ஏற இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு.”

வேலையாட்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்து சட்டென்று அடங்கியது. ஆபீசர் சிரிக்கவில்லை. மேட்டிலிருந்து சேற்றில் இறங்கினாள். நாலாவது அடியில் பூட்ஸ் மாட்டிக்கொண்டது. இழுத்து எடுத்துக்கொண்டு மறுபடி நடந்தாள். அவன் பக்கத்தில் வந்து நின்று மலாயில் கேட்டாள்: “என்ன விஷயம்?”

“லைனை நகத்திட்டாங்க. நான் அடிச்ச லைன் இது.”

“எதை வச்சுச் சொல்றே?”

இஞ்ஞாசி வெறுங்காலால் சேற்றைத் துழாவினான். ஒரு கட்டையின் தலை தட்டுப்பட்டது. குனிந்து சேற்றை வழித்துக் காட்டினான். கை மொத்தத்தில் ஒரு மரத்துண்டு, சேறு மட்டத்துக்கு அறுக்கப்பட்டது.

நடந்தது இதுதான். காய்ந்த நிலத்தில் எல்லைக் கம்பை நகர்த்துவது சுலபம். ஆட்டிப் பிடுங்கி வேறு இடத்தில் நட்டுவிடலாம். இந்தச் சேற்றில் நாலரை அடி இறங்கிய கம்பை எவனாலும் பிடுங்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் பிடுங்கப் பார்த்து, முடியாமல், மரம் அறுத்த ரம்பத்தாலேயே கம்பையும் அறுத்துவிட்டார்கள். வேறு கம்பு வெட்டிச் சாயம் பூசி முன்னால் நட்டார்கள். பழைய கம்பின் அடிப்பாகம் மண்ணுக்குள்ளேயே இருந்தது. சேறு மூடிக்கொண்டது.

மேட்டிலிருந்து தவுக்கே சொன்னார்: “அங்கே ஐந்நூறு கட்டை இருக்கு மிஸ். எல்லாம் வெட்டின மரத்தோட அடி. எந்தக் கட்டையைக் காட்டினாலும் அவன் அடிச்ச கம்பாயிடுமா?”

ஆபீசர் இஞ்ஞாசியைப் பார்த்தாள். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

“மிஸ், டாக்யார்டுல நாங்க மரத்தூண் இறக்குறப்ப முனையை நெருப்புல சுட்டுத்தான் இறக்குவோம்,” என்றான் இஞ்ஞாசி. “சுட்டா உப்புத் தண்ணி அரிக்காது, புழு ஏறாது. எனக்கு அந்தப் பழக்கம் விடல. இங்கயும் நாப்பத்தொரு கம்பையும் சுட்டுத்தான் அடிச்சேன். இதை வெளியில எடுத்துப் பாருங்க. முனை நாலு பக்கம் செதுக்கி, ஒரு முழம் கரியா இருக்கும். தானா மொளச்ச மரத்துக்கு வேர்ல எவன் நெருப்பு வச்சான்?”

“எடு. பார்ப்போம்.”

“எக்ஸ்கவேட்டர் ரிப்பேர்ல இருக்கு,” என்றார் தவுக்கே சட்டென்று. இருபது வேலையாட்களையும் ஒரு பார்வை பார்த்தார். யாரும் அசையவில்லை. அவர்களுக்கும் காப்பாற்ற வேண்டிய குடும்பம் இருந்தது.

இஞ்ஞாசி கட்டையைக் கட்டிப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. அசையாது என்று அவனுக்கே தெரியும், அடித்தவன் அவன்தான். சேறு அப்பிய முகத்தோடு நிமிர்ந்தான்.

“மிஸ், மணி என்ன?”

“பத்து அஞ்சு.”

“பன்னண்டரை வரைக்கும் இருப்பீங்களா? தண்ணி எடுத்துக் குடுக்கும்.”

அவளுக்குப் புரியவில்லை. அவன் மேட்டில் கிடந்த காலி டீசல் டிரம் இரண்டைக் காட்டினான். மூடி இறுக்கிய தகர டிரம்கள். கட்டையோடு சேர்த்துக் கட்டிவிட்டால், கடல் ஏறும்போது டிரம் மிதக்கும். மிதக்கிற டிரம் கட்டையை மேலே இழுக்கும். டாக்யார்டில் பழைய தூணைப் பிடுங்க அவர்கள் கிரேனுக்குக் காத்திருந்ததில்லை, அமாவாசைக்குக் காத்திருந்தார்கள்.

“டிரம் கம்பெனி சொத்து,” என்றார் தவுக்கே.

டிரம்முக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த கையூம் வேறு எங்கோ பார்த்தபடி காலைத் தூக்கினார். ஒரு டிரம் உருண்டு சேற்றில் வந்து விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவதும் உருண்டது.

“கால் பட்டுருச்சு தவுக்கே,” என்றார்.

இஞ்ஞாசி கட்டையைச் சுற்றி முழங்கை ஆழம் தோண்டினான். கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி, இரண்டு பக்கமும் டிரம்மை வைத்து, இம்மியும் தொய்வில்லாமல் இறுக்கிக் கட்டினான். அப்புறம் அதன் பக்கத்திலேயே நின்றான். மேலே வந்து உட்காரச் சொன்னாள் ஆபீசர். அவன் வரவில்லை. மேலே போனால் யாராவது கயிற்றை அறுத்துவிட்டுக் கால் பட்டுவிட்டது என்று சொல்லக்கூடும்.

பதினொன்றுக்குத் தவுக்கே ஆபீசரைச் சாப்பிடக் கூப்பிட்டார். நல்ல மீன் கிடைக்கும் கடை பக்கத்திலேயே இருக்கிறது என்றார். அவள் காரிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துக்கொண்டு வந்து, குடையை விரித்து, ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து தின்றாள்.

பதினொன்றே காலுக்குத் தண்ணீர் அவன் கணுக்காலுக்கு வந்தது. பன்னிரண்டுக்கு முழங்கால். டிரம்கள் கயிற்றை இழுத்துக்கொண்டு நடுங்கத் தொடங்கின. கயிறு முறுகும் சத்தம் மேடு வரைக்கும் கேட்டது. வேலையாட்கள் இப்போது பாவனையை விட்டுவிட்டு வெளிப்படையாகவே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பன்னிரண்டரைக்குத் தண்ணீர் தொடையைத் தொட்டது. கட்டை வரவில்லை.

“முடிஞ்சுதா?” தவுக்கே மேலிருந்து கேட்டார். “இனிமே தண்ணி இறங்கத்தான் செய்யும்.”

இஞ்ஞாசி, தான் அடித்ததைத் தானே ஜெயிக்க வேண்டியிருந்தது. ஒரு டிரம்மின்மேல் இரண்டு கையையும் ஊன்றி முழு எடையையும் போட்டு அமுக்கினான்; விட்டான். அமுக்கினான், விட்டான். குழந்தையைத் தொட்டிலில் ஆட்டுவதுபோல் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்டினான். பத்து நிமிஷம். பதினைந்து நிமிஷம். அவன் பனியன் கிழிந்தது. வாய்க்கு வந்த கெட்ட வார்த்தை எல்லாம் வந்தது, நடுவில் மாதாவின் பேரும் வந்தது.

திடீரென்று சேற்றுக்குள்ளிருந்து பெரிய ஏப்பம் மாதிரி ஒரு சத்தம். இரண்டு டிரம்களும் ஒரே துள்ளாகத் துள்ளின. இஞ்ஞாசி மல்லாக்க விழுந்து முங்கி எழுந்தபோது, கட்டை டிரம்களுக்கு நடுவில் படுத்து மிதந்துகொண்டிருந்தது.

அதன் முனையைத் தண்ணீரில் அலசினான். நாலு பக்கம் செதுக்கியிருந்தது. ஒரு முழம் கரி.

ஆபீசர் இடுப்பளவு நனைந்துகொண்டு இறங்கி வந்து அதைத் தொட்டாள். விரலில் ஒட்டிய கறுப்பைப் பார்த்தாள். அப்புறம் மேட்டிலிருந்த சேதுபதியிடம் கையை நீட்டினாள். “முதல் தடவை அளந்த புத்தகம்.”

சேதுபதி பழைய பக்கத்தைக் கிழித்திருக்கலாம். கிழிக்கவில்லை. கொடுத்தான். அவன் செய்த நல்லது அவ்வளவுதான். இந்த ஒரு கட்டை இருந்த இடமும் அந்தப் பக்கத்து எண்களும் கையில் இருந்தால், மிச்ச நாற்பதையும் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கலாம் என்று ஆபீசருக்குத் தெரியும். காரின் முன்பக்கத்தில் வைத்து எழுதத் தொடங்கினாள். வேலையை உடனே நிறுத்த வேண்டும். லைன் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். வெட்டிய இடத்தில் ஒரு கூடை மண் விழக்கூடாது.

கட்டையைச் சாட்சிக்கு எடுத்துக்கொண்டு போனாள். சின்னக் காரில் அது அடங்காமல், கரி முனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு போனது.

தவுக்கே இஞ்ஞாசியிடம் வந்தார். கத்தவில்லை. “நாளைக்கு வராதே. வடக்குப் பக்கம் எந்த சைட்டிலும் உனக்கு வேலை கிடையாது. நான் பார்த்துக்குறேன்.”

“பாத்துக்குங்க தவுக்கே. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருப்பேன். என் வீடு கீழதான் இருக்கு.”

அவர் சொன்னபடியே செய்தார். வடக்கில் ஒருவனும் அவனை எடுக்கவில்லை. நவம்பரிலிருந்து இஞ்ஞாசி விடிவதற்கு முன்பே இரண்டு பஸ் மாறித் தஞ்சோங் பகார் துறைமுகத்துக்குப் போய்க் கிடங்கில் மூட்டை தூக்கினான். நாற்பத்தாறு வயதில் முதுகு அதை மன்னிக்கவில்லை. கம்பத்தில் அவனுக்கு யாரும் மாலை போடவில்லை. அவன் வேலை போனதற்கு வருத்தப்பட்டதோடு சரி.

கம்பு வரிசை பழைய இடத்துக்குத் திரும்பியதும் மேட்டில் வீட்டு வேலை மறுபடி தொடங்கியிருந்தது. டிசம்பரில் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் அடித்தது. மூன்றாம் நாள் பஸ் ஓடவில்லை. இஞ்ஞாசி வீட்டில் இருந்தான். சதுப்பு வாய் வரைக்கும் நிரம்பியிருந்தது. தண்ணீர் கம்பத்துப் பாதையை நனைத்து, வீட்டுப் படிகளின் அடியில் வந்து நின்றிருந்தது. உம்மு சல்மா மெஷினைப் பலகைமேல் ஏற்றி வைத்துவிட்டுத் தைத்துக்கொண்டேதான் இருந்தாள்.

பத்து மணிக்கு மேட்டில் எஞ்சின் சத்தம் கேட்டது. எக்ஸ்கவேட்டர். பாதிக் கட்டிய டெரஸ் வீடுகளின் தெரு தண்ணீரில் நின்றது. பெயிண்ட் அடித்த ஷோ-வீட்டுக்குள் செம்மண் குழம்பு புகுந்துவிட்டது. சதுப்பைக் குறுக்கே வெட்டிப் பத்தடியில் ஒரு வாய்க்கால் போட்டால் அத்தனை தண்ணீரும் நேராக ஆற்று வளைவுக்கு வந்துவிடும். வளைவில்தான் கம்பம் இருந்தது.

இஞ்ஞாசி ஓடினான். பின்னால் கதவுகள் திறந்தன. அவன் போய்ச் சேர்ந்தபோது எக்ஸ்கவேட்டரின் வாளி சிவப்புக் கம்பு வரிசைக்குமேல் தூக்கி நின்றது. கையூம் தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

“பாய், அதைக் கீழ இறக்காதீங்க.”

“ஒரே ஒரு வாய்க்கா இஞ்ஞாசி. மழை விட்டதும் மூடிருவேன். சத்தியமா.”

“உங்க வீட்டுத் தண்ணியை எங்க வீட்டுக்குள்ள ஊத்திட்டு, அப்புறம் மூடுவீங்களா?”

“தவுக்கே போன்ல கத்துறாரு. இதைச் செய்யலேன்னா என்னையும் அனுப்பிருவாரு.”

“அனுப்பினா வாங்க. தஞ்சோங் பகாருல ஆள் எடுக்குறான். நீங்க ஒரு முனை, நான் ஒரு முனை பிடிச்சாச் சீக்கிரம் தூக்கிரலாம். எனக்கும் முதுகு வலிக்குது.”

கையூமுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அதற்குள் இருபத்தெட்டு வீட்டு ஆட்களும் வந்துவிட்டார்கள். மண்வெட்டியோடு வந்தவன், பாராங் கத்தியோடு வந்தவன், வெறுங்கையோடு வந்தவன். வரிசைக்கு முன்னால் போய்த் தொடையளவு தண்ணீரில் தோளோடு தோள் சேர்ந்து நின்றார்கள். அல்போன்சம்மாள் ஒரு கிழிந்த குடையோடு வந்து, வாளிக்கு நேர் கீழே இடம் பிடித்தாள்.

எக்ஸ்கவேட்டர் ஓட்டியவன் எஞ்சினுக்குமேல் குரலை உயர்த்திக் கேட்டான்: “இறக்கவா வேணாமா, பாய்?”

கையூம் மழையில் அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இஞ்ஞாசியின் முகத்தில் வந்ததும் கண்ணை விலக்கிக்கொண்டார்.

“எவ்வளவு நேரம் நிப்பீங்க?” என்றார்.

“நீங்க போற வரைக்கும்.”

“போகலேன்னா?”

“சோறு இங்கயே வரும். உங்களுக்கும் சேத்து ஆக்கச் சொல்றேன்.”

கையூம் கையைத் தூக்கி அசைத்தார். வாளி மெதுவாகப் பின்வாங்கி மேட்டுப் பக்கம் இறங்கியது. எஞ்சின் இருமி நின்றது. மழைச் சத்தம் மட்டும் இருந்தது. யாரும் கலைந்து போகவில்லை. எஞ்சினை நிறுத்தியவன் மறுபடி முடுக்க ஒரு நிமிஷம் போதும் என்று எல்லாருக்கும் தெரியும்.

கொஞ்ச நேரம் தனியாக நனைந்த கையூம், ஓரமாக நகர்ந்து நகர்ந்து அல்போன்சம்மாளின் குடைக்குள் தலையை நுழைக்கப் பார்த்தார்.

“அந்தப் பக்கமே நில்லுங்க பாய்,” என்றாள் அவள். “இதுல ஒரு ஆளுக்குத்தான் எடம்.”